திருப்பிச் சொல்லாத அளவு

பெவர்லி,
25 செப்டம்பர் 1978

மதிப்பிற்குரிய திருமதி கார்த்வைட் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கணவர் வில்ஃப்ரெடின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாயிலில் உங்கள் கையைப் பற்றி இரண்டொரு சொல் சொன்னேன். அன்றைய காற்றில் அவை உங்கள் காதுக்கு எட்டியிருக்காது. எட்டாததும் நல்லதே; அவை சரியாக அமையவில்லை.

இப்போது எழுதுவது கடமை கருதி. நான் நில அளவையாளன் அல்லன், வழக்குரைஞன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆயினும் நம் வட்டாரப் பட்டய அளவையாளர் சங்கத்தின் இதழில் மறைந்த உறுப்பினர்களைப் பற்றிய குறிப்பை எழுதும் பொறுப்பு நெடுங்காலமாக என்னிடமே இருக்கிறது. அளவையாளர் ஒருவரைப் பற்றி இன்னோர் அளவையாளர் எழுதினால் அது எல்லைத் தகராறில் போய் முடிகிறது என்று அவர்களே கண்டுகொண்டதுதான் காரணம்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மறைந்தவரோடு களத்தில் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தவர் ஒருவர் அந்தக் குறிப்பைப் படித்து ஒப்ப வேண்டும். அவர் ஒப்பாமல் அச்சேறாது. வில்ஃப்ரெடின் பழைய உதவியாளர்கள் எவரும் இன்று இல்லை. விசாரித்ததில், கடைசியாக அவருடைய நாடாவைப் பிடித்தவர் நீங்களே என்று அறிந்தேன். எனவே வரைவைக் கீழே தருகிறேன்.

“ஸ்கெல்விக் ஊரைச் சேர்ந்த பட்டய அளவையாளர் வில்ஃப்ரெட் கார்த்வைட் இம்மாதம் காலமானார். கடல் ஆண்டுதோறும் தின்றுவரும் நம் களிமண் கரையை வாழ்நாளெல்லாம் அளந்தவர். விளிம்புக்கும் வீட்டுக்கும் இடையே எஞ்சிய தூரம் எவ்வளவு என்று அவர் சொன்னதை நம்பிப் பல குடும்பங்கள் உரிய காலத்தில் வெளியேறி உயிர் பிழைத்தன. யாருக்காகவும், எக்காரணத்துக்காகவும், அவர் ஓர் அங்குலத்தைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. ரோஜா வளர்ப்பில் ஈடுபாடு உடையவர்.”

திருத்தம் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன். அவசரமில்லை. ஜனவரி மாத இதழுக்குத்தான்.

தங்கள் உண்மையுள்ள,
ஹம்ஃப்ரி ஸ்டேவ்லி


ஸ்கெல்விக்,
2 அக்டோபர் 1978

அன்புள்ள திரு ஸ்டேவ்லி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. வாயிலில் நீங்கள் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. “ஏறக்குறைய எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும்” என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கைக்குட்டையால் மறைத்துக்கொண்டேன். சங்க விருந்திலிருந்து திரும்பும்போதெல்லாம் வில்ஃப் சொல்வார்: “அந்த ஸ்டேவ்லி இருக்காரே, ‘ஏறக்குறைய’னு சேர்க்காம காலை வணக்கம்கூடச் சொல்ல மாட்டார்.” அன்போடுதான் சொல்வார்.

ரோஜா அவர் வளர்க்கவில்லை. நான் வளர்த்தேன். அவர் அதன்மேல் தடுக்கி விழுந்துகொண்டிருந்தார். அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

அதற்கு முந்தைய வரியையும், “யாருக்காகவும்” என்று தொடங்குகிறதே, அதையும் எடுத்துவிடுங்கள். அந்த வரி இருந்தால் நான் ஒப்ப முடியாது. மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது.

வீட்டில் வேலை இருக்கிறது. கடைசி ஆப்பிள்களை இறக்கி வைக்கிறேன். வழக்கம்போல முதல் ஞாயிற்றுக்கிழமையான நேற்றும் அளவு சொல்லப்பட்டது.

உங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாயிலில் இருமிக்கொண்டே இருந்தீர்கள்.

அன்புடன்,
எனிட் கார்த்வைட்


பெவர்லி,
6 அக்டோபர் 1978

மதிப்பிற்குரிய திருமதி கார்த்வைட் அவர்களுக்கு,

ரோஜா நீக்கப்பட்டது. என் பிழைக்கு வருந்துகிறேன். இருமல் ஏறக்குறைய குணமாகிவிட்டது. (இச்சொல்லை இனி கவனித்துக் கையாள்வேன்.)

மற்ற வரியைப் பற்றி ஒரு தயக்கம். வில்ஃப்ரெடை அறிந்த எவரும் அவரைப் பற்றி முதலில் சொல்வது அதைத்தான். மெட்ஃபோர்த் குடும்பத்தாரிடம், “எட்டு அடிதான் மிச்சம், இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது” என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதையும், அவர்கள் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு வெளியேறியதையும், அடுத்த பிப்ரவரியில் அந்த வீடு கடலுக்குள் போனதையும் இந்தக் கரையில் அறியாதவர் இல்லை. அந்த வரி இல்லாத குறிப்பைப் பார்த்தால் ஏன் இல்லை என்று கேட்பார்கள். ஒரு வரியை அடிக்கச் சொல்பவர் காரணம் சொல்ல வேண்டும் என்பது என் தொழிலின் கெட்ட பழக்கம். விருப்பமிருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்று. நேற்றும் அளவு சொல்லப்பட்டது என்று எழுதியிருந்தீர்கள். சொன்னவர் யார் என்று எழுதவில்லை. மாவட்ட மன்றத்து அதிகாரி எவரேனும் வந்திருந்தால் அவர் பெயரைக் குறித்து வையுங்கள், பின்னால் உதவும்.

தங்கள் உண்மையுள்ள,
ஹம்ஃப்ரி ஸ்டேவ்லி


ஸ்கெல்விக்,
8 நவம்பர் 1978

அன்புள்ள திரு ஸ்டேவ்லி அவர்களுக்கு,

ஒரு மாதம் தாமதித்துவிட்டேன். எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல்தான். நீங்கள் வழக்குரைஞர், உங்களிடம் சொன்னது உங்களிடமே இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

இந்த வீட்டை வாங்கியபோது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. பின்வாசல் படிக்கல்லிலிருந்து கரைவிளிம்பு வரை ஐம்பது அடிக்குக் கீழே போனால், பேச்சில்லாமல் மூட்டை கட்டுவது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலையில் அளப்போம். நான் நாடா முனையின் பித்தளை வளையத்தைப் படிக்கல்லின் குறியில் வைத்துப் பிடித்துக்கொள்வேன். அவர் நாடாவை விட்டுக்கொண்டே விளிம்புக்குப் போவார். அங்கிருந்து அளவைக் கத்துவார். நான் திருப்பிக் கத்த வேண்டும். பிறகு அவர் “சரி” என்று சொல்லி நாடாவைச் சுருட்டிக்கொண்டு வருவார். மறுமுனையில் இருப்பவர் திருப்பிச் சொல்லாத அளவு அளவே இல்லை என்பது அவர்கள் தொழிலில் வேதவாக்கு. உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் அடுப்பில் கறியை வைத்துவிட்டு வந்த அவசரத்தில் திருப்பிச் சொல்லாமல் விட்டால் அங்கேயே நின்று மறுபடி கத்துவார். “எனிட், தூங்கிட்டியா? திருப்பிச் சொல்லுடி.” சொல்லும்வரை நகர மாட்டார்.

ஐம்பத்தேழு. ஐம்பத்தாறு. ஐம்பத்து மூன்று. பிறகு ஐம்பத்திரண்டிலேயே பல வருடங்கள் நின்றது. “நம்ம பக்கம் மண்ணு கெட்டி” என்றார்.

திரு ஸ்டேவ்லி, அந்தத் தோட்டத்தில் துணி காயப்போட்டவள் நான். கொடியில் ஆறு படுக்கை விரிப்புகள் பிடித்த இடத்தில் நான்குதான் பிடித்தன. “காத்து ஜாஸ்தி” என்று சொல்லிக் கம்பத்தை அவரே பிடுங்கி உள்ளே தள்ளி நட்டார். பிறகு விரிப்பை இரண்டாக மடித்துப் போட்டேன். மடித்துப் போட்ட அதே ஞாயிறு அவர் “ஐம்பத்திரண்டு” என்று கத்தினார். நான் “ஐம்பத்திரண்டு” என்று திருப்பிச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் “சரி” என்றார்.

மெட்ஃபோர்த்களுக்குச் சொன்னதை எனக்குச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கும் இந்த வீட்டை விட மனமில்லை என்பது அவருக்குத் தெரியும். அவருடைய வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே தவறான அளவு அது. மாதாமாதம் சொன்னார். ஆகவே “யாருக்காகவும்” என்ற சொல்லின்கீழ் என்னால் கையெழுத்துப் போட முடியாது.

இனி சொல்லப்போவதை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்களோ. சொன்னவர் யார் என்று கேட்டீர்கள். அவர்தான்.

அக்டோபர் முதல் ஞாயிறு. பழக்கத்தால் பின்வாசலுக்குப் போய்விட்டேன். நாடாவின் தோல் கூடு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கடல்பனி. விளிம்பு தெரியவில்லை. அங்கிருந்து குரல் வந்தது. “இருபத்தெட்டு, ஏழு.” எப்போதும்போல, கடைசிச் சொல்லைக் கொஞ்சம் தூக்கி. ஐம்பத்திரண்டு அல்ல. மறுநாள் துணிக்கொடிக் கயிற்றைக் கொண்டுபோய் நானே அளந்தேன். இருபத்தெட்டு அடி, ஏழு அங்குலம்.

நவம்பரில் இருபத்தைந்து; கயிறும் அதையே சொன்னது. செத்த பிறகு மனிதர் உண்மை பேசுகிறார்.

நான் திருப்பிச் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதனால் அவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். “எனிட், திருப்பிச் சொல்லு.” இருட்டும்வரை. திருப்பிச் சொன்னால் “சரி” என்பார். நாடாவைச் சுருட்டுவார். வேலை முடிந்துவிடும். வேலை முடிந்த இடத்தில் அவர் ஒரு நிமிடம்கூட நிற்கிற மனிதர் அல்லர்.

இதற்குமேல் எழுத இயலவில்லை.

எனிட் கார்த்வைட்


பெவர்லி,
13 நவம்பர் 1978

அன்புள்ள திருமதி கார்த்வைட்,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு அதை அலுவலகக் கோப்பில் வைக்காமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

நீங்கள் கேட்டது என்ன என்பதைப் பற்றி நான் கருத்துரைக்கப்போவதில்லை. நான் அங்கில்லை, இல்லாத இடத்தைப் பற்றி உறுதி கூறுவது என் வழக்கமன்று. நீங்கள் கேட்டீர்கள் என்பதை மட்டும் முழுமையாக ஏற்கிறேன்.

அந்த வரி நிற்காது. அறிந்தே பொய்யை அச்சிட என்னால் ஆகாது. அதை வெறுமனே நீக்கினால் எழும் பேச்சுக்கும் அவரை ஆளாக்க விரும்பவில்லை. வழி தேடுகிறேன்.

ஆனால் வரி கிடக்கட்டும். இருபத்தைந்து அடி என்பது உங்கள் கயிறே ஒப்புக்கொண்ட அளவு. இக்கரையில் ஒரே புயலில் அதில் பாதி போனதை நாம் இருவரும் பார்த்திருக்கிறோம். வேறொருவர் வீடாக இருந்தால் வில்ஃப்ரெட் என்ன சொல்லியிருப்பார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அவர் அழைப்பை நீங்கள் கேட்க விரும்புவது எனக்குப் புரிகிறது. அவர் அழைத்துச் சொல்வது என்ன என்பதையும் கேட்க வேண்டும் அல்லவா? பேச்சில்லாமல் மூட்டை கட்டுவதாக நீங்கள் அவருக்கு வாக்களித்திருந்தீர்கள்.

மன்றத்து இளம் அளவையாளர் ப்ளென்கின் என்பவரை உங்களைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அத்துமீறலாகக் கருதினால் மன்னியுங்கள். மால்ட்டனில் உங்கள் தங்கை ஹில்டா இருக்கிறார் அல்லவா?

அக்கறையுடன்,
ஹம்ஃப்ரி ஸ்டேவ்லி


ஸ்கெல்விக்,
5 டிசம்பர் 1978

அன்புள்ள திரு ஸ்டேவ்லி,

அத்துமீறல்தான். ஆனால் பையன் நல்லவன். சேற்றுக் காலணியை வெளியே கழற்றி வைத்துவிட்டு ஓட்டைக் காலுறையோடு உள்ளே வந்தான்.

“அம்மா, நீங்க இந்த வாரமே கிளம்பிடணும். அடியில மண்ணு குடைஞ்சிருக்கு. மேல பாத்தா தெரியாது.”

“தம்பி, இதையெல்லாம் நான் பாத்தது நீ பொறக்கறதுக்கு முன்னாடி. இன்னொரு துண்டு கேக் சாப்பிடு.”

“கேக் குடுத்தா அறிக்கையை மாத்திடுவேன்னு நெனைக்கிறீங்களா?”

“ஒரு துண்டுக்கு எத்தனை அடி கூட்டுவே?”

“எங்க மன்றத்து சார், கார்த்வைட் ஐயாகிட்ட படிச்சவரு. ஓர் அங்குலம் கூட்டினாலும் தோலை உரிச்சிடுவாரு.”

அதற்குப் பிறகு என்னால் வேடிக்கை பேச முடியவில்லை.

நேற்று முன்தினம் ஞாயிறு. பத்தொன்பது என்றார். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது, ஐயா. அவருக்குப் பனியில் நின்றால் தொண்டை கட்டிக்கொள்ளும். நாள் முழுக்கக் கத்தினார். நான் சமையலறையில் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் வெட்கமாகப் போய் அணைத்துவிட்டேன். இப்படி ஒரு மனிதரைக் குளிரில் நிறுத்தி வைப்பது என்ன அன்பு என்று தோன்றியது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. ஐம்பத்திரண்டு என்று அத்தனை வருடம் கூசாமல் திருப்பிச் சொன்ன வாய், பத்தொன்பது என்று சொல்ல வரமாட்டேன் என்கிறது.

கிறிஸ்துமஸ் வரை இருக்கிறேன். அதற்குப் பிறகு யோசிக்கலாம். நீங்கள் தனியாகத்தானே பண்டிகை கொண்டாடுகிறீர்கள்? பழக் கேக் ஒன்று அனுப்புகிறேன். ப்ளென்கின் கையில்; வழியில் அவன் பிட்டுத் தின்னாமல் இருந்தால்.

எனிட் கார்த்வைட்


மால்ட்டன்,
2 ஜனவரி 1979

அன்புள்ள ஹம்ஃப்ரி,

பெயர் சொல்லி எழுதுவதற்கு மன்னியுங்கள். உங்களிடம் கேட்கப்போவது திரு ஸ்டேவ்லியிடம் கேட்கக்கூடியது அல்ல.

ஹில்டாவின் வீட்டிலிருந்து எழுதுகிறேன். ஆண்டின் கடைசி நாள் பனிப்புயலில் தோட்டம் போய்விட்டது. ஆப்பிள் மரம், கொடிக்கம்பம், ரோஜாக்கள். ப்ளென்கின் வந்து என் மேலங்கியை எடுத்து என் தோளில் போட்டான். நான் நடந்து வண்டியில் ஏறினேன். நாடாவை எடுக்க மறந்துவிட்டேன். அது இன்னும் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

இங்கே எல்லாம் வசதி. ஹில்டா என்னை உட்காரவைத்துச் சோறு போடுகிறாள். “உனக்கு என்னடி குறை இங்க?” என்று மணிக்கொரு முறை கேட்கிறாள். குறை இதுதான்: இங்கே எனக்கு எதுவும் கேட்கவில்லை. வரும் ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு. அங்கே அவர் கத்துவார். பின்வாசலில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். வீடு விழுந்த பிறகும் கத்திக்கொண்டே இருப்பார். யாரும் திருப்பிச் சொல்லாததால் நகரவும் மாட்டார். நான் அவரை என்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று செய்தது, அவரைக் காலம் முழுக்க அந்தப் பனியில் தனியாக நிறுத்திவிட்டது.

வீட்டு எல்லைக்குள் மன்றத்தார் என்னை இனி விட மாட்டார்களாம். வீட்டின் உரிமையாளருடைய வழக்குரைஞர், பொருள்களை எடுத்து வர என்றால் விடுவார்களாம். ப்ளென்கினிடம் கேட்டுவிட்டேன்.

ஒருவர் சார்பில் பேச எழுத்து மூலமான அதிகாரம் வேண்டும் என்று நீங்கள் ஒரு விருந்தில் எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. சூப் ஆறிப்போனது. ஆகவே எழுதுகிறேன்: என் சார்பில் அந்தப் பின்வாசலில் நின்று, சொல்லப்படும் அளவை, அது எதுவாக இருந்தாலும், திருப்பிச் சொல்ல உங்களுக்கு இதன்மூலம் அதிகாரம் அளிக்கிறேன்.

பைத்தியக்காரத்தனம் என்று தோன்றினால் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள். நான் கேட்கமாட்டேன்.

எனிட்


பெவர்லி,
8 ஜனவரி 1979

அன்புள்ள எனிட்,

நீங்கள் அளித்த அதிகாரத்தின்படி நேற்று ஸ்கெல்விக் சென்றேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். எதையும் கூட்டவில்லை.

ப்ளென்கின் என்னை வண்டியில் அழைத்துச் சென்றார். மன்றத்தார் கட்டிய கயிற்றுக்கு வெளியே அவர் நின்றுகொண்டார். “சீக்கிரம் வாங்க சார், நடு அறைத் தரையில கால் வைக்காதீங்க” என்றார். நாடா நீங்கள் சொன்ன இடத்தில் இருந்தது. பின்கதவைத் திறந்தேன். கடல்பனி கதவு வரை வந்திருந்தது. நீங்கள் குறிப்பிட்ட குறியைப் படிக்கல்லில் விரலால் தடவிக் கண்டுகொண்டேன். உங்கள் கை பட்டுப்பட்டு அந்த இடம் வழவழப்பாக இருக்கிறது. வளையத்தை அதன்மேல் வைத்துப் பிடித்தேன். கூட்டை என் காலருகே வைத்தேன். நாடாவை இழுத்துச் செல்ல ஆள் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்த நிலையிலேயே இருந்தேன். முழங்கால் வலித்தது. என் வயதுக்கு இது அழகில்லை என்று நினைத்ததும் நினைவிருக்கிறது.

அப்போது, பனிக்குள்ளிருந்து, ஓர் அளவு சொல்லப்பட்டது. பதினொன்று, இரண்டு.

குரல் யாருடையது என்று நான் கூறப்போவதில்லை. கடைசிச் சொல் சற்றே உயர்ந்து ஒலித்தது. தொண்டை கட்டியிருந்தது. அதைத் தொடர்ந்து ஒரு பெயர் அழைக்கப்பட்டது. அது என் பெயர் அன்று.

வாழ்நாளெல்லாம் பிறர் சார்பில் பேசியவன், இப்படித் திணறியதில்லை. பிறகு, “பதினொன்று, இரண்டு. எனிட் கார்த்வைட் சார்பில்” என்றேன்.

வளையத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பிறகு “சரி” என்று கேட்டது.

அவ்வளவுதான். பிறகு எதுவும் கேட்கவில்லை. நான் போதுமான நேரம் காத்திருந்தேன்.

வெளியே வந்து ப்ளென்கினிடம், மன்றத்தின் நாடாவால் ஒருமுறை அளந்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். நான் மீண்டும் படிக்கல்லில் நின்றேன். அவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு விளிம்புக்குப் போனார். “பதினொண்ணு, ரெண்டு” என்று கத்தினார். நான் பேசாமல் நின்றேன். அவர் விடவில்லை. நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள். “சார், திருப்பிச் சொல்லுங்க.”

அது ஏற்கெனவே திருப்பிச் சொல்லப்பட்டுவிட்டது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வண்டியில் வரும்போது, உங்கள் கேக் பற்றி மட்டும் பேசினார். பிட்டுத் தின்றதை ஒப்புக்கொண்டார்.

குறிப்பு அச்சுக்குத் தயாராக இருக்கிறது. அந்த வரி இருந்த இடத்தில் இப்போது இப்படி இருக்கிறது: “அண்டை அயலாருக்கு அவர் சொன்ன அளவில் ஓர் அங்குலமும் பிழை இருந்ததில்லை. தம் வீட்டின் அளவை அவர் சொல்ல, அவர் மனைவி இறுதிவரை திருப்பிச் சொன்னார்.” இரண்டாம் வாக்கியத்தை இனி எந்த நீதிமன்றத்திலும் நான் உறுதிகூறுவேன். ஒப்புதலைத் தெரிவியுங்கள். ஜனவரி இதழ் என்றேன்; பிப்ரவரிக்குத் தள்ளினாலும் காத்திருக்கலாம்.

நாடாவைப் பொதியாக அனுப்பவில்லை. அடுத்த வாரம் மால்ட்டன் வழியாகப் போக வேண்டியிருக்கிறது. நேரில் கொண்டு வருகிறேன். மால்ட்டனில் எனக்கு வேறு வேலை இல்லை என்பதையும் உண்மை கருதிச் சொல்லிவிடுகிறேன்.

தங்கள்,
ஹம்ஃப்ரி